கல் குதிரைகளும் சுண்ணாம்புக் கோடும்

குன்றாண்டார்கோவிலுக்குப் போனவர்களுக்கு அந்த மண்டபம் ஞாபகம் இருக்கும். குன்றைக் குடைந்த கோயில் எட்டாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்தில் எழுந்தது. அதன் முன்னே பிற்காலத்தில் கட்டிய மண்டபத்தைத் தேர் போலச் சமைத்திருக்கிறார்கள். கல்லிலே சக்கரம், கல்லிலே குதிரை. சிறு பிராயத்தில் எங்கள் பந்தயம் அந்தக் குதிரையின் பக்கத்திலிருந்துதான் புறப்படும். ஊருணி வரை ஓட்டம். ஓடிய வேகத்திலேயே குதித்து அக்கரை வரை நீச்சல். இரண்டிலும் ஜெயிப்பவன் ஒருவன்தான், என் சிநேகிதன். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான்.

1957ல் நான் கல்லூரிக்குப் போனேன். அவன் ஆடு மேய்க்கப் போனான்.

அந்தக் காலத்துக் கல்லூரி விளையாட்டு விழாவை இன்றைய பிள்ளைகள் கண்டால் சிரிப்பார்கள். புல் தரையிலே சுண்ணாம்புக் கோடு. தூரமெல்லாம் கெஜக் கணக்கு: நூறு, இருநூற்றிருபது, நானூற்று நாற்பது. காலை ஊன்றிப் புறப்பட மண்ணில் சிறு குழி பறித்துக்கொள்வோம். இதில் கேவலம் ஒன்றுமில்லை. 1936ல் பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸே கொத்தனார் கரணை போன்ற ஒன்றால் குழி தோண்டிக்கொண்டுதான் நான்கு தங்கம் வாங்கினார். உயரம் தாண்டினால் விழுவது மணலில். மெத்தை கிடையாது, ஆகவே தாண்டுகிற கலையோடு விழுகிற கலையையும் கற்றாக வேண்டும்.

இதற்கெல்லாம் நம் பக்கத்தில் வித்திட்டவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1920ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1924ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியக் கோஷ்டியை அழைத்துப் போனவரும் அவரே. கண்ணூர்க்காரரான சி. கே. லக்ஷ்மணன் அங்கே தடை ஓட்டம் ஓடினார். பக் துரையின் கல்லூரியில் பயின்றவர்கள் ஊர் ஊராகப் போய் டிரில் மாஸ்டர்கள் ஆனார்கள்.

நீச்சல் மட்டும் எங்கள் நிகழ்ச்சி நிரலில் இல்லை. கிணறு இல்லாத கிராமம் உண்டா? அதில் குதிக்காத பையன் உண்டா? ஆனால் கல்லூரியில் நீச்சல் குளம் கிடையாது. குளம் இல்லாவிட்டால் போட்டியும் இல்லை. 1951ல் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டில் நூறு மீட்டர் நீச்சலில் தங்கம் பெற்ற சச்சின் நாக், காசியில் கங்கையிலே நீந்திப் பழகியவர். எங்கள் ஊருணியை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த வருஷ விழாவைப் பார்க்க என் சிநேகிதன் வந்தான். அவனையும் ஒரு ஓட்டம் ஓட விடலாமா என்று டிரில் மாஸ்டரைத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ரிஜிஸ்தரில் பேர் உண்டா?" என்றார். அதில் தவறு சொல்ல முடியாது. கல்லூரிப் போட்டி கல்லூரிப் பிள்ளைகளுக்குத்தானே! அவன் கயிற்றுக்கு அப்பால் நின்றான். நானூற்று நாற்பதில் நான் மூன்றாவதாக வந்தேன். பரிசு, ஒரு சோப்புப் பெட்டி.

"ஏண்டா மாப்ளே, நடந்தா வந்தே?" என்றான்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனாலும் அந்தச் சோப்புப் பெட்டியை நான் வெகு நாள் வரை உபயோகிக்கவில்லை.

1958 கோடை விடுமுறையில் ஊரில் இருந்தபோது டோக்கியோ ஆசிய விளையாட்டுச் செய்தி வந்தது. உயரம் தாண்டுதலில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீட்டர், ஏறத்தாழ ஆறடி எட்டங்குலம், தாண்டித் தங்கம் வாங்கியிருந்தார். இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் கிடைத்த முதல் தங்கம் அது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிப் பையன். பதினெட்டு வயது நிறையுமுன்பே, 1952ல், ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனவர். பிறகு கலிபோர்னியாவில் படிக்கப் போனார். நம் கோட்டைப்பட்டினத்துக் கரையில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம்தானே யாழ்ப்பாணம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்டபத்துக்கு ஓடினேன். குதிரையின் நிழலில் சிநேகிதன் உட்கார்ந்திருந்தான், எதிரே ஆடுகள். செய்தி முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"ஆறடிக்கு மேலே தாண்டினாரு, சரி," என்றான் கடைசியில். "அவரு விழறதுக்கு அந்த மணலை யாருடா கொட்டிக் குடுத்தா?"