கணினித் திரையை நம்பாத கருவி: வீட்டிலிருந்து பணம் செலுத்தும் கார்டு ரீடர்களின் வரலாறு

இணையப் பணப் பரிமாற்றத்தின் பாதுகாப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குறியாக்கத்தின் வலிமையையே பேசுகிறார்கள்: எத்தனை பிட் சாவி, எந்த ஆண்டில் எந்த நெறிமுறை. வீட்டுக் கணினிக்கென உருவான கருவிகளின் வரலாற்றை அப்படி எழுதினால் பாதிக் கதை விடுபட்டுப்போகும். சிப்புக்குள் நடக்கும் கணக்கு தொடக்கத்திலிருந்தே போதிய வலுவோடுதான் இருந்தது. படிப்படியாக வளர்ந்தவை அந்தக் கருவியின் சின்னத் திரையும் 'ஓகே' பொத்தானும்தான்.

1995இல் நெட்ஸ்கேப் உலாவி எஸ்எஸ்எல் குறியாக்க நெறிமுறையோடு பரவியபின், கடைக்குப் போகும் கார்டு எண்ணை வழியில் ஒட்டுக்கேட்பது கடினமாயிற்று. 1996 தொடக்கத்தில் ஃபர்ஸ்ட் வெர்ச்சுவல் நிறுவனத்தின் நதானியேல் போரன்ஸ்டீன் வேறிடத்தைச் சுட்டிக்காட்டினார். விசைப்பலகையில் தட்டப்படுவதையெல்லாம் கவனித்து, கார்டு எண்ணின் அமைப்புக்குப் பொருந்தும் இலக்கங்களை மட்டும் பொறுக்கியெடுக்கும் ஒரு நிரலை அவரது நிறுவனம் செய்துகாட்டியது. குறியாக்கம் தொடங்கும் முன்பே எண் களவுபோய்விடும். கார்டு எண்ணையே இணையத்தில் அனுப்பத் தேவையில்லாத கட்டண முறையை விற்றுக்கொண்டிருந்த நிறுவனம் அது. எச்சரிக்கையில் வியாபாரமும் கலந்திருந்தது. ஆனாலும் சொன்னது சரி.

அடுத்த ஆண்டு ஜெர்மனியில் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் குழு இன்னும் ஒரு படி போனது. இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால் போதும். அதிலுள்ள ஆக்டிவ்எக்ஸ் நிரல், குவிக்கன் கணக்கு மென்பொருளின் வரிசையில் பயனருக்குத் தெரியாமல் ஒரு பணமாற்று உத்தரவைச் சேர்த்துவிடும். இங்கே ரகசிய எண்ணைத் திருட வேண்டிய அவசியமே இல்லை. உரியவரே தன் உத்தரவுகளோடு சேர்த்துத் திருடனின் உத்தரவுக்கும் அனுமதி கொடுத்துவிடுவார்.

ஜெர்மன் வங்கிகள் வீட்டிலிருந்தே வங்கிப் பணி செய்வதற்கென 1990களின் பிற்பாதியில் வகுத்த எச்பிசிஐ தரத்தை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். வாடிக்கையாளரின் குறியாக்கச் சாவியை டிஸ்கெட்டில் வைத்துக்கொள்ளவும் அது இடம் கொடுத்தது. சிப் கார்டில் வைப்பதே வலுவான வழி. அந்நாட்டில் வழங்கிய ரீடர் வகைப்பாடு இன்றும் கவனிக்கத்தக்கது. முதல் வகுப்பு ரீடரில் கார்டைச் செருகும் துளை மட்டும் இருக்கும். பின் எண்ணைக் கணினியில்தான் தட்ட வேண்டும். இரண்டாம் வகுப்பில் பின்னைத் தட்டக் கருவியிலேயே வழி உண்டு. மூன்றாம் வகுப்பில் எண்பலகையோடு தனித்திரையும் சேர்ந்தது. மூன்றிலும் செருகுவது அதே கார்டு. ஒவ்வொரு வகுப்பிலும் கணினியின் மீதான நம்பிக்கை ஒரு பங்கு குறைகிறது, அவ்வளவே.

கடைப் பக்கம் நடந்தது வேறு கதை. விசாவும் மாஸ்டர்கார்டும் 1996இல் கூட்டாக அறிவித்து 1997இல் முதல் பதிப்பை வெளியிட்ட செட் நெறிமுறை மிக நேர்த்தியானது: கார்டு எண் கடைக்காரருக்குத் தெரியாது, வாங்கிய பொருள் வங்கிக்குத் தெரியாது. ஆனால் வாங்குபவர் தனி மென்பொருளை நிறுவி, தன் பெயருக்கு மின்சான்றிதழும் பெற வேண்டியிருந்தது. சிப் கார்டுக்குப் பழகியிருந்த பிரான்சில் வங்கிகள் சைபர்காம் என்ற கூட்டு முயற்சியின் வழியே வீட்டு ரீடர்களைப் பரப்பப் பார்த்தன. அமெரிக்காவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1999இல் 'புளூ' சிப் கார்டை வெளியிட்டு, ரீடரை இலவசமாகவே கொடுத்தது. எதுவும் நிலைக்கவில்லை. மக்களின் சோம்பலைக் காரணம் காட்டுவது வழக்கம்; எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்கச் சட்டப்படி, திருடப்பட்ட கிரெடிட் கார்டுக்கு உரியவர் ஏற்க வேண்டிய இழப்பு அதிகபட்சம் 50 டாலர். மிச்சம் பெரும்பாலும் கடைக்காரர் தலையில் விழுந்தது. இழப்பைச் சுமக்காதவர் எதற்காக மேசையில் இன்னொரு வயரை இழுத்துக்கொண்டிருப்பார்?

வங்கிக் கணக்கிலிருந்து நேரே போகும் பணத்தைத் திரும்பப் பெறுவது அரிது. அதனால்தான் கருவி வங்கிகளிடம் பிழைத்தது. பிரிட்டனில் பார்க்லேஸ் 2007இல் பின்சென்ட்ரி ரீடரை வாடிக்கையாளர்களுக்கு வழங்கியது. இதைக் கணினியோடு இணைக்க வேண்டியதில்லை. வைரஸ் ஏற வழியில்லை, எண்களை மனிதர்தான் கையால் தட்ட வேண்டும். 2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சார் டிரைமர், ஸ்டீவன் மர்டோக், ராஸ் ஆண்டர்சன் மூவரும் இவ்வகைக் கருவிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். தட்டும் எண் எதைக் குறிக்கிறது என்று ரீடர் தெளிவாகச் சொல்லாததால் பயனரை ஏமாற்ற இடமிருந்தது. அவர்கள் சுட்டிய இன்னொரு ஆபத்து கணிதத்துக்கு முற்றிலும் வெளியே இருக்கிறது: வழிப்பறிக்காரன் மிரட்டி வாங்கிய பின் எண் சரியானதா என்பதை ஏடிஎம் போகாமல் அங்கேயே இந்த ரீடரில் சோதித்துக்கொள்ளலாம்.

கையால் தட்டும் தொல்லைக்கு ஜெர்மனியின் சிப்டான் முறை அழகான விடை கண்டது. கணினித் திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஐந்து பட்டைகள் மினுக்கும். கருவியைத் திரைமீது வைத்தால் அதன் ஒளி உணரிகள் அந்த மினுக்கலைப் படித்து, பெறுபவரின் கணக்கு எண்ணையும் தொகையையும் தன் திரையில் காட்டும். வயரே தேவையில்லை. இதிலும் 2009இல் ரெட்டீம் பென்டெஸ்டிங் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் ஓர் ஓட்டையைக் கண்டது. ஒற்றைப் பணமாற்றைத் தீநிரல் தொகுப்புப் பணமாற்றாக மாற்றிவிட்டால், கருவி எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் மட்டுமே காட்டும்; பணம் யாருக்குப் போகிறது என்பது மறைந்துவிடும்.

நெதர்லாந்தின் ஏபிஎன் ஆம்ரோ வங்கி தந்த யூஎஸ்பி ரீடரில் நைமேகன் ராட்பவுட் பல்கலைக்கழகத்தினர் கண்டு 2012இல் வெளியிட்ட பிழை இந்த வரலாற்றின் மையப்புள்ளி எனலாம். திரை இருந்தது, பொத்தான் இருந்தது. பொத்தானை அழுத்தியாயிற்று என்ற செய்தியைக் கணினியே ரீடருக்கு அனுப்பவும் வழியிருந்தது. பிறகு அது திருத்தப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒப்புதல் குறியீடு குறிப்பிட்ட தொகையோடும் பெறுபவரோடும் பிணைந்திருக்க வேண்டும் என்கின்றன. இந்தியாவில் 2009 ஆகஸ்டு முதல் இணையக் கார்டு பரிவர்த்தனைக்குக் கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. முதலில் கடவுச்சொல்லாக இருந்தது பின்னர் ஓடிபி ஆனது. கணினியில் பொருள் வாங்கி ஃபோனில் ஓடிபி பார்த்த காலத்தில், அந்த ஃபோன்தான் நமக்குக் கிடைத்த மூன்றாம் வகுப்பு ரீடர். வாங்குவதும் ஃபோனிலேயே என்றானபின் அந்தத் தனித்திரை இல்லை.