ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஸ்டூலும்

பாப்பாரப்பட்டிக்கு யார் வந்தாலும் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்துக்கு அழைத்துப் போவோம். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப நினைத்தவர், 1923இல் சித்தரஞ்சன் தாஸை வரவழைத்து அடிக்கல் நாட்டச் செய்தவர் என்று சொல்வோம். தருமபுரியில் ஜவுளிக்கடையில் நின்றே வேலை பார்த்த எனக்கு அவர் முதலில் கோரல் மில் சிவா.

தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியின் நூற்பாலை அது. வேலை நேரத்துக்கு அளவில்லை, கூலியோ சொற்பம். எல்லாத் தொழிலாளிக்கும் வாரம் ஒருநாள் விடுமுறை என்று 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. எழுதி என்ன? பதினேழு வருஷம் கழித்தும் அந்த ஒருநாளைப் போராட்டக் கோரிக்கையாக வைக்க வேண்டியிருந்தது. வ.உ.சி.யும் சிவாவும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. ஊர்க்காரர்கள் பணம் திரட்டித் தொழிலாளிகளின் வீட்டில் அடுப்பெரிய வைத்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு லீவானது.

மார்ச் 12இல் இருவரையும் கைது செய்தார்கள். சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் ஆறானது. சேலம் சிறையில் தொழுநோய் பற்றிக்கொண்டது. 1912இல் வெளியே வந்தவர், நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற விடாதபோது, புண்பட்ட காலோடு நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலை 23 அன்று எங்கள் ஊரில் உயிர் பிரிந்தபோது நாற்பதுதான் வயது. அடுத்தவர் உடம்புக்கு ஓய்வு கேட்டவருக்குத் தன் உடம்பைக் காக்க வழியில்லாமல் போனதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

நின்று வேலை செய்கிறவர் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அது மில்லுக்கு. கடைக்கு யார் சொல்வது? நான் இருந்த கடையில் ஸ்டூல் கிடையாது. கஸ்டமர் இல்லாத நேரத்திலும் சேலைகளை மடித்தபடி நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தாலும் சூப்பர்வைசர் குரல் வரும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் சாப்பிடும் நேரம் மட்டும்தான் உட்காருவது. பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டுமே என்று பெண்கள் தண்ணீரையே குறைத்துக்கொள்வோம். நீர்க்கடுப்பு வராதவள் அங்கே அபூர்வம். எனக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்தது. ராத்திரியில் தலையணை மேல் காலை உயர்த்தி வைத்தால்தான் தூக்கம்.

கேரளத்தில் கடைப் பெண்கள் இதற்காகவே தெருவில் இறங்கினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருந்தியது. இங்கே 2021 செப்டம்பர் 6 அன்று அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவை வைத்தார். 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம்.

இப்போது துணி எடுக்கப் போனால் என் கண் முதலில் கவுண்டருக்குப் பின்னால்தான் போகும். சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் துணிக்கட்டு இருக்கிறது. “கட்டை இறக்கி வைத்துவிட்டு உட்காரும்மா, 22-ஏ என்று கேள்” என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் சேலையைப் பார்க்கிறேன்.