பினாங்கின் பெயரை மறுக்கும் தொகுப்பி: நிரல்மொழிகளும் தமிழ் உயிர்மெய்யும்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் மலாயும் சீனமும் தமிழும் அருகருகே புழங்குகின்றன. பினாங்கு என்ற பெயரை இம்மூன்று மொழிகளிலும் கூகுளின் 'கோ' நிரல்மொழியில் மாறியின் பெயராக இட்டுப் பார்க்கலாம். ரூமி எனப்படும் ரோமன் எழுத்தில் உள்ள மலாய்ப் பெயரைத் தொகுப்பி, அதாவது கம்பைலர், ஏற்கும். சீன எழுத்துகளையும் ஏற்கும். 'பினாங்கு' என்று தமிழில் எழுதினால் மட்டும் பிழை காட்டும்.

கோவுக்கு ஒருங்குறி, அதாவது யூனிகோட், தெரியாது என்பதில்லை. பெயரில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே வரலாம் என்பது அதன் விதி. ஒருங்குறியோ 'ப', 'ன' ஆகியவற்றை எழுத்து என்றும், கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றை இணைகுறி என்றும் வகைப்படுத்துகிறது. ஆகவே 'பல', 'பட' என்னும் அகரச் சொற்கள் தப்பிவிடும். '௧' என்னும் தமிழ் எண்கூடப் பெயரின் நடுவே வரலாம். 'தமிழ்' வர முடியாது! தேவநாகரி போன்றவை விடுபடுவதைக் கோ குழுவே தன் விளக்கத்தில் ஒப்புக்கொள்கிறது. விதி எளிமையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2009இல் கோ அறிமுகமாகும் முன்பே, 2008 டிசம்பரில் வெளிவந்த பைதான் 3 இணைகுறிகளையும் ஏற்றுக்கொண்டது. எளிமை என்ற சமாதானம் இதனால் வலுவிழக்கிறது.

ஏற்றுக்கொண்டால் மட்டும் போதுமா? ஜார்ஜ்டவுனில் உள்ள 'கொம்தார்' கோபுரத்தின் பெயரைப் பார்ப்போம். அதன் 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பைதானும் ரஸ்டும் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கின்றன. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அப்படிச் செய்வதில்லை. ஒரே பெயர் அங்கே இரு மாறிகளாகிவிடும். தவறு எங்கே என்று மாணவர் மணிக்கணக்கில் தேட வேண்டியதுதான்.

குயின் தெரு ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலின் 'ஸ்ரீ' இன்னும் வம்பு. 2005இல் ஒருங்குறியில் 'ஶ' சேர்ந்தபின் 'ஸ்ரீ'யை 'ஸ்' கொண்டும் 'ஶ்' கொண்டும் இரு வழிகளில் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைதானாலும் அவற்றை ஒன்றாக்க முடியாது.

நிரலைப் பல நாட்டாரும் படிக்க வேண்டும், எனவே பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்பது வழக்கமான மறுப்பு. திட்டத்துக்குத் திட்டம் அப்படி விதி வைத்துக்கொள்ளலாம். பைதானும் தன் அடிப்படை நூலகத்தில் ஆங்கில எழுத்துப் பெயர்களையே கோருகிறது. பயனருக்கு அந்தத் தடையை விதிக்கவில்லை. முத்தையா அண்ணாமலையின் 'எழில்' கட்டளைச் சொற்களையே தமிழாக்கியது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர் 'மதிப்பெண்' என்று ஒரு மாறிக்குப் பெயரிட முடிந்தால் போதும். பக்கத்துத் தேசியப் பள்ளி மாணவருக்கும் சீனப்பள்ளி மாணவருக்கும் அந்த உரிமை ஏற்கெனவே உண்டு.

தீர்வைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இணைகுறிகளைப் பெயரின் பகுதியாக ஏற்கும் இலக்கணத்தை ஒருங்குறியின் 31ஆம் இணைப்பு வகுத்துத் தந்திருக்கிறது. 2021 ஜூனில் வந்த ரஸ்ட் 1.53 அதைப் பின்பற்றியது. கோவும் பின்பற்றும்வரை, அது பன்மொழிப் பெயர்களை ஏற்கும் மொழி என்று நம் பாடநூல்கள் எழுதக்கூடாது.