வீக் யூனிட், சிக் யூனிட்

வங்கிகளும் தொழிற்சட்டமும் தளர்ந்த தொழிற்சாலையைக் குறிக்கப் பயன்படுத்திய இரண்டு ஆங்கிலச் சொற்கள். தமிழில் இரண்டுக்கும் 'நலிவடைந்த' என்ற ஒரே சொல்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு மனுப் போடுகிறவர்களும் 'நலிவடைந்த பிரிவினர்'. பூட்டிய ஆலையும் 'நலிவடைந்த ஆலை'. முன்னதற்கு ஆங்கில மூலம் வீக், பின்னதற்கு சிக். சென்னை அம்பத்தூர் பட்டறைப் பேச்சில் இந்தக் குழப்பம் இல்லை. ஆர்டர் குறைந்தால் 'கம்பெனி டல்லா இருக்கு', மிஞ்சிப் போனால் 'படுத்துடுச்சு'.

நலிவுற்ற தொழில் நிறுவனங்கள் சட்டம் 1985இல் வந்தது. பதிவாகி ஐந்தாண்டு ஆன கம்பெனியின் (முதலில் ஏழாண்டு) சேர்ந்த நட்டம் அதன் நிகர மதிப்பு முழுவதையும் விழுங்கிவிட்டால் அது சிக். உச்ச நிகர மதிப்பில் பாதி கரைந்திருந்தால் வங்கி வழக்கில் வீக். அந்த நிலையிலேயே கம்பெனி பங்குதாரர்களைக் கூட்டிச் சொல்லி, தொழில், நிதிச் சீரமைப்புக்கான பி.ஐ.எப்.ஆர். வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டியிருந்தது. 1950களின் இறுதியில் அம்பத்தூரில் டயர் ஆலை தொடங்கிய டன்லப், 1990களின் இறுதியில் இந்த வாரியத்தின் முன் நின்றது.

'சிக்' முத்திரை அவமானம் என்று நினைத்தால் தவறு. வாரியத்தில் விசாரணை நடக்கும்வரை, அதன் அனுமதியின்றிக் கடன்காரர் பணம் கேட்டு வழக்கை நடத்த முடியாது என்றது 22ஆம் பிரிவு. நல்ல குடை அது.

ஆனால் சிறுதொழிலுக்கு அந்தக் குடை கிடைக்கவில்லை. சட்டமே அதை விலக்கி வைத்தது. 1964இல் உருவாகி, பிறகு அரசின் சிறுதொழில் வளர்ச்சி நிறுவனமான சிட்கோவின் கைக்கு வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பெரும்பாலும் சிறு யூனிட்டுகள்தான்: இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், வாசலில் சாக்கு நிறைய இரும்புச் சுருள். இவற்றுக்கு ரிசர்வ் வங்கியின் அளவுகோல் வேறாக இருந்தது. 2012 நவம்பர் வழிகாட்டுதலின்படி நிகர மதிப்பில் பாதி போனாலே சிக். கடன் கணக்கு மூன்று மாதம் வாராக்கடனாகக் கிடந்தாலும் சிக். பெரிய கம்பெனியை 'வீக்' ஆக்கிய அதே பாதி, பட்டறையைப் படுக்கையில் போட்டது. சீக்கிரம் கண்டுபிடித்துக் கைகொடுக்கவே இப்படி என்பது வங்கியின் விளக்கம், நியாயமானதுதான்.

1985ஆம் ஆண்டுச் சட்டம் 2016 டிசம்பர் 1 அன்று நீங்கியது. அதுவரை, சிக் ஆன பெரிய கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுத்த பட்டறைக்காரர், வாரியத்தின் அனுமதியின்றிப் பில் பாக்கிக்கு வழக்குப் போட வழியில்லாமல் நின்றார். வராத அந்தத் தொகையை நட்டமாக எழுதும்போது அவருடைய நிகர மதிப்பிலும் பாதி போயிருக்கும்.