பயா என்ற ஒரு சொல்

அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும், வாசலில் யாராவது தடுக்கி விழுந்தாலும், அம்மா வாயில் முதலில் வருவது 'பயா, பயா' என்பதுதான். ரங்கூனில் பிறந்தவர், 1964-இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர். வியாசர்பாடியில் குடியேறி, பர்மிய மொழி நாக்கை விட்டு மெல்ல மெல்லப் போன பிறகும் அந்தச் சொல் மட்டும் தங்கிவிட்டது. நாம் 'முருகா' என்பதுபோல என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். அதன் அகலம் பிறகுதான் தெரிந்தது. பர்மியர்களுக்குப் புத்தர் பயா. அவர் சிலையும் பயா. ஷ்வேடகோன் போன்ற பொற்கோபுரமும் பயா. பிக்குவிடம் பேசும்போதும் 'பயா' சேர்த்துத்தான் மரியாதையாகப் பேச வேண்டும்.

அந்த மண்ணுக்கு வேறொரு கடவுளைக் கொண்டுபோனவர் எந்தச் சொல்லால் அவரை அழைத்திருப்பார்? இந்தக் கேள்விதான் என்னை அதோனிராம் ஜட்சனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷனரி. 1812 பிப்ரவரி 5 அன்று ஆன் என்ற பெண்ணை மணந்து, இரண்டே வாரத்தில் அவருடன் கப்பலேறினார். கல்கத்தாவில் இறங்கியபோது கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைத் தங்கவிடவில்லை. மொரீஷியஸ் போய்ச் சுற்றி, 1813 ஜூனில் சென்னைக்கு வந்தார்கள். இங்கும் கம்பெனியின் கை நீளும் என்ற பயம். புறப்படத் தயாராக இருந்தது ரங்கூன் போகும் ஜார்ஜியானா என்ற கப்பல் ஒன்றுதான். நிறைமாதமாக இருந்த ஆன் அதில் ஏறினார். நடுக்கடலில் குழந்தை இறந்தே பிறந்தது. ஜூலை 13 அன்று ரங்கூனில் கால் வைத்தபோது அவருக்கு வயது 23, கணவருக்கு 24.

பிறகு வந்த ஆறு ஆண்டுகளில் ஒருவர்கூட மதம் மாறவில்லை. வாழ்க்கை வரலாற்று நூல்கள் இதைப் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டு, மேலே போய்விடுகின்றன. எனக்கோ அவர் வாழ்வில் உயிருள்ள பகுதி அந்த ஆறு ஆண்டுகள்தான்.

பர்மிய மொழி கற்பிக்க வந்த ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது, மாணவரான ஜட்சனுக்குப் பர்மிய மொழி தெரியாது. மாணவர் ஒரு பொருளைச் சுட்டிக் காட்டுவார், ஆசிரியர் அதன் பெயரைச் சொல்வார். முதல் பாடங்கள் இப்படித்தான் நடந்தன. பெண்ணுக்குப் பாடம் சொல்வதில் ஆசிரியருக்கு முதலில் விருப்பமில்லை; ஆன் விடாமல் படித்ததைப் பார்த்துத்தான் மனம் மாறினார். நாளில் பெரும்பகுதி ஓலைச்சுவடிகளோடு போயிற்று. அந்த ஓலைகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. புள்ளியில்லாத நம் ஏடுகளைப் படிக்க முயன்று திகைத்தவர்களுக்கு அந்தத் தவிப்பு புரியும். சமயச் சொற்களில் பெரும்பாலானவை பாலியிலிருந்து வந்தவை. ஆகவே பாலியையும் தொட வேண்டியதாயிற்று. பின்னாளில் அவருக்குக் கற்பித்தவர்களில் ஒருவர் முன்னாள் துறவி. பௌத்தம் படித்த மனிதர்கள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திராவிட்டால் ஜட்சன் எழுதிய ஒரு வரியும் நின்றிருக்காது. அவர்களுக்குரிய புகழை யாரும் கொடுக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

வீட்டை நடத்தியது ஆன். ரொட்டி கிடைக்காத ஊர். சோறும் கோழிக் குழம்பும், இல்லையென்றால் வெள்ளரிக்காய் போட்டு வேகவைத்த கோழியும்தான் சாப்பாடு. வேலைக்காரர்களிடமும் சந்தைக்காரர்களிடமும் நாள் முழுதும் பேசிப் பேசி, பேச்சு மொழியில் கணவரை முந்திவிட்டார். இலக்கணம் கணவரின் கையில், புழக்கம் மனைவியின் கையில். 1815-இல் பிறந்த மகன் ரோஜர் எட்டாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்தான். அதற்குப் பிறகும் பாடம் நிற்கவில்லை.

1819-இல் ஜட்சன் ஒரு ஸயாத் கட்டினார். வழிப்போக்கர் இளைப்பாறவும், உபோசத நோன்பு நாட்களில் ஜனங்கள் கூடிப் பிக்குகளிடம் தம்மம் கேட்கவும் பர்மியர்கள் புண்ணியத்துக்காகக் கட்டிவைக்கும் மண்டபம் அது. நம் ஊர்ச் சாவடி மாதிரி. கூர்மாடக் கோயில் எழுப்பாமல் ஊராருக்குப் பழகிய இடத்தையே அவர் தேர்ந்தெடுத்தது பெரிய விவேகம். 27 அடிக்கு 18 அடி, தரையிலிருந்து நான்கடி உயரம். முன்பகுதி மூங்கிலால் கட்டிக் கூரை வேய்ந்து, கதவு சன்னல் இல்லாமல் தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது. எதிரே பௌத்த கோபுரத்துக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு போகிறவர்களின் சாலை. நாளெல்லாம் அந்தத் திறந்த பகுதியில் அமர்ந்து போகிறவர் வருகிறவரை அழைத்துப் பேசினார் ஜட்சன். பின்பக்கத்தில் பெண்களோடு ஆன்.

அப்படி வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் மவுங் நாவ், 35 வயது, ஏழை. 1819 ஜூன் 27 அன்று பக்கத்துக் குளத்தில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது. குளக்கரையில் பெரிய புத்தர் சிலை ஒன்று இருந்தது. பௌத்தத்தைப் பற்றி ஜட்சன் எழுதியவற்றில் கடுமையான சொற்கள் நிறைய உண்டு. அவற்றைப் படிக்கும்போது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் அவரைத் தன் கரையில் நிற்க அனுமதித்தது அந்தச் சிலைதான் என்று எனக்குத் தோன்றும்.

கடவுளைக் குறிக்கும் சொல்லுக்கு வருகிறேன். நம்மூரிலும் இந்தத் திண்டாட்டம் இருந்தது. தரங்கம்பாடியில் பைபிளைத் தமிழாக்கிய சீகன்பால்கு சருவேசுரன் என்றார், அவருக்குப் பின் மொழிபெயர்த்த பபிரிசியஸ் பராபரன் என்றார், பிற்கால மொழிபெயர்ப்பு தேவன் என்றது. ஜட்சன் புதுச்சொல் எதையும் கட்டவில்லை. பயா என்பதையே எடுத்துக்கொண்டு முன்னால் ஓர் அடைமொழி சேர்த்தார்: 'தாவர பயா'. இந்தத் 'தாவர' பாலிச் சொல். நிலைபெற்ற, அழியாத என்று பொருள். பத்திரங்களில் நாம் எழுதும் ஸ்தாவர சொத்தும், இடம்பெயராமல் நிற்பதால் செடிகொடிக்கு வந்த தாவரம் என்ற பெயரும் அதே வேரிலிருந்து வந்தவை. இதைக் கண்டுபிடித்த அன்று அம்மாவிடம் சொன்னேன். 'பயா நிலையானவர்தானே, அதைத் தனியாக வேறு சொல்லணுமா?' என்றார். சொல்ல வேண்டியிருந்தது அம்மா. கௌதம புத்தரும் போய்விட்டார் என்பதுதான் அங்கே எல்லோரும் அறிந்த தம்மம்.

1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டது. வெள்ளைக்காரர் எல்லாரும் ஒற்றர்கள் என்ற சந்தேகத்தில் ஜூன் மாதம், அப்போது தலைநகராக இருந்த ஆவாவில் ஜட்சனைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். புதிய ஏற்பாட்டுக்கு அவர் செய்த பர்மிய மொழிபெயர்ப்பு அப்போது கைப்பிரதியாகத்தான் இருந்தது. ஆன் அதை வீட்டில் மண்ணுக்குள் புதைத்து வைத்தார். மழைக்காலம், ஈரத்தில் தாள் மக்கிவிடும். தோண்டி எடுத்து, பஞ்சோடு சேர்த்துத் தலையணைக்குள் வைத்துத் தைத்தார். யாரும் ஆசைப்படாதபடி முரடாக, கல்போல் கெட்டியாக. ஜட்சன் அதன்மேல்தான் தலைவைத்துப் படுத்தார்.

மறு ஆண்டு கைதிகளை வேறு சிறைக்கு விரட்டியபோது காவலாளி மேலுறையைப் பிய்த்துக்கொண்டு, உள்ளிருந்த கெட்டிப் பஞ்சைப் பயனில்லை என்று வீசி எறிந்தான். ரங்கூன் ஸயாத்துக்கு வந்துபோய் விசுவாசியான மவுங் இங், ஐயாவின் நினைவாக இருக்கட்டும் என்று அதை எடுத்துப்போய் வீட்டில் வைத்தார். உள்ளே தாள்கள் இருந்தது பல மாதங்கள் கழித்தே தெரிந்தது. தாள்கள் கெடாமல் இருந்தன.