பழவேற்காடு

பழவேற்காடு, தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி வட்டத்தில் அமைந்துள்ள ஒரு கடலோரச் சிற்றூர் ஆகும். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பழவேற்காடு ஏரியின் தென்முனையில், அவ்வேரி வங்காள விரிகுடாவுடன் கலக்கும் முகத்துவாரத்தின் அருகில் உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக விளங்கிய இவ்வூர், இன்று முதன்மையாக ஒரு மீன்பிடி ஊராகும்.

பெயர்

வேல மரங்கள் நிறைந்த பழைய காடு என்னும் பொருளில் இப்பெயர் ஏற்பட்டதாக விளக்கப்படுகின்றது. இதே மாவட்டத்தில் பூந்தமல்லிக்கு அருகிலுள்ள திருவேற்காட்டின் பெயருக்கும் இவ்வாறே விளக்கம் கூறுவர். ஐரோப்பியர் இப்பெயரைத் தத்தம் நாவுக்கேற்பப் பலவாறு திரித்தனர். மெக்சிகோவில் தலையிலும் கழுத்திலும் கட்டும் வண்ணத் துணிக்குப் 'பாலியாகாத்தே' என்று பெயர். அச்சொல் இவ்வூரின் பெயரிலிருந்து பிறந்ததாகும். இவ்வூரை ஒருபோதும் கண்டிராத மக்களின் அன்றாடப் பேச்சில் இதன் பெயர் வழங்கி வருவது வியப்புக்குரியது.

வரலாறு

விசயநகரப் பேரரசின் காலத்தில் இது பெயர்பெற்ற துறைமுகமாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த இத்தாலியப் பயணி லுடோவிகோ டி வர்த்தேமா தமது நூலில் இவ்வூரைக் குறிப்பிட்டுள்ளார். அரபு நாட்டிலிருந்து நான்கு கப்பல்களில் வந்தவர்களே தம் முன்னோர் என்பது இங்குள்ள முசுலிம்களிடையே வழங்கும் மரபாகும். போர்த்துக்கீசியரும் 16ஆம் நூற்றாண்டில் இங்குக் குடியேறி வணிகம் செய்தனர்.

விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதியிடம் இசைவு பெற்று 1610இல் ஒல்லாந்தர் இங்கு வணிக நிலையம் அமைத்தனர். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி அழித்தனர். அதன் பின்னர் 1613இல் எழுந்ததே கெல்டிரியா கோட்டை. ஆங்கிலேயரும் 1621இல் ஒல்லாந்தருடன் பங்கு கொண்டு இங்கு வணிகம் செய்ய முயன்று, நிலைக்க இயலாமல் சில ஆண்டுகளில் விலகினர். பின்பு 1639இல் அவர்கள் தெற்கே ஒரு மணற்கரையைப் பெற்றுக் குடியேறினர். அதுவே சென்னை நகராக வளர்ந்தது.

ஒல்லாந்தருக்கு இவ்வூர் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை துணியில் உள்ளது. கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகு, கிராம்பு, சாதிக்காய் ஆகியவற்றை விற்றோர் அவற்றுக்கு ஈடாகச் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளையே விரும்பிப் பெற்றனர். எனவே தறியிலும் சாயத்திலும் தேர்ந்த ஊர்களின் துணிகள் இங்குச் சேர்க்கப்பட்டுக் கப்பலேறின. ஒல்லாந்தர் இங்கு வெடிமருந்தும் உற்பத்தி செய்தனர்.

துணியோடு மனிதரும் ஏற்றப்பட்டனர். 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் சூழ்ந்த ஆண்டுகளில், வறுமையால் விற்கப்பட்டோரும் கவர்ந்து கொணரப்பட்டோருமாக ஆயிரக்கணக்கானோர் இக்கரையிலிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய சகார்த்தாவுக்கு, அடிமைகளாக அனுப்பப்பட்டனர். அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் செதுக்கிய கல்லறைகள் இங்கு உள்ளன. கப்பலேற்றப்பட்டோரை நினைவூட்ட அவ்வாறு எதுவும் இல்லை.

1690இல் ஒல்லாந்தர் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிய பின் ஊரின் சிறப்புக் குறைந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றினர். கோட்டையும் இடிக்கப்பட்டது. பின்னர் மீண்டும் ஒல்லாந்தரிடம் வந்த ஊர், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் ஆங்கிலேயருக்கு உரியதாயிற்று.

பார்க்கத்தக்க இடங்கள்

ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கல்லறைப் பலகைகளில் ஒல்லாந்த மொழி எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் நேர்த்தியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிய மேட்டையும் அகழியையும் தவிர வேறெதுவும் எஞ்சவில்லை. கோட்டையைக் காணும் எண்ணத்துடன் செல்வோர் ஏமாற்றமடைய நேரிடும்.

விசயநகரக் காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில், இராமாயணக் காட்சிகள் கையளவுச் சிற்பங்களாகச் செம்பூரான்கல்லில் வடிக்கப்பட்டுள்ளன. விரைந்து நடப்பவர் கண்ணுக்கு அவை தென்படா. பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நேரம் அறிய உதவிய நிழற்கடிகாரம் உள்ளது. மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கம் 1515 என்பது மரபு. பனையோலையில் பெட்டிகளும் கூடைகளும் முடைவது இங்குள்ள பெண்களின் கைத்தொழிலாகும்.

ஏரியும் முகத்துவாரமும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. சிறீஅரிக்கோட்டாத் தீவு இதைக் கடலிலிருந்து பிரிக்கின்றது. தெற்கில் ஆரணி ஆறும் வடக்கே காளங்கி ஆறும் இதில் கலக்கின்றன. தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் ஆழமற்ற நீரில் பூநாரைகளைக் கூட்டங்கூட்டமாகக் காணலாம்.

ஏரியின் வளம் முகத்துவாரத்தைச் சார்ந்தது. அது திறந்திருந்தால் கடல்நீர் ஏறி இறங்கும். இறாலும் மீன்குஞ்சுகளும் உள்ளே வரும். கோடையில் ஆற்றுநீர் குறையும்போது மணல் திட்டுச் சேர்ந்து அது அடைபடுகின்றது. அப்போது படகுகள் கடலுக்குச் செல்ல இயலாது. ஏரியின் உப்புத்தன்மையும் மாறி மீன்வளம் குன்றும். மீனவர்கள் நெடுங்காலமாகப் 'பாடு' என்னும் முறையைப் பின்பற்றி வருகின்றனர். இதன்படி வலையிடும் இடங்கள் முறைவைத்துப் பகிரப்படுகின்றன. நல்ல இடம் ஒருவருக்கே நிலையாக உரியதாவதில்லை. ஆனால் முகத்துவாரம் அடைபட்டால் பகிர்வதற்கே ஒன்றும் இராது. அதை நிலையாகத் திறந்து வைக்க இருபுறமும் கற்சுவர் அமைக்கும் பணியை 2020களில் தமிழ்நாடு அரசு மேற்கொண்டது. தெற்கிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தால் கரையரிப்பு மிகும் எனக் கூறி மீனவர்கள் அதை எதிர்த்துள்ளனர்.

2011 திசம்பர் 25 அன்று சுற்றுலாப் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது.

போக்குவரத்து

சென்னை - கும்மிடிப்பூண்டி தொடர்வண்டித் தடத்திலுள்ள பொன்னேரியே அண்மைய நிலையமாகும். அங்கிருந்து பேருந்து மூலம் பழவேற்காட்டை அடையலாம். ஆவடி, பூந்தமல்லி பகுதியிலிருந்து வருவோர் செங்குன்றம் வழியாகப் பொன்னேரியை அடைவது எளிது.