எண்ணுக்குள் மறைந்த பத்து

முப்பத்தைந்தை நாம் 35 என்று எழுதுகிறோம். அதில் பத்து எங்கே உள்ளது? இடமதிப்பு அறியாத குழந்தையின் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. பழைய தமிழ் எண்முறையோ ௩௰௫ என்று எழுதியது. மூன்று பத்தும் ஓர் ஐந்தும் சொல்லில் உள்ளவாறே எழுத்திலும் நின்றன. நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் இருந்தன.

19ஆம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவற்றை மனனம் செய்தனர். நெல்லிலக்கம் முகத்தலளவைக்கு உரியது. அவ்வளவையில் 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். பத்தாக மட்டுமன்றி ஐந்தாகவும் இரண்டாகவும் எட்டாகவும் தொகுக்கலாம் என்பதை நெற்களத்தில் நின்ற பிள்ளை கண்ணாரக் கண்டது.

அப்பள்ளிகளின் வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை, பிரம்பும் ஓயவில்லை. அவற்றைப் போற்றுவது நம் நோக்கமன்று. ஆயினும், இன்று ஆசிரியர் பத்துக் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டிக் காட்டும்போது, ௰ என்னும் குறி செய்த பணியையே தம் கையால் செய்கிறார். தமிழ் பயின்ற நமக்கே அக்குறிகள் கல்வெட்டுப் பாடத்தோடு நின்றுவிட்டன. ஒருநாளேனும் அவற்றை ஒன்றாம் வகுப்புக்கு அழைத்துச் சென்றால் என்ன?